மழையில் செத்த செட்டுகளைத் திறந்தபோது

கேரளத்துத் தேயிலைத் தோட்ட ஊரான எங்கள் வண்டிப்பெரியாறு பக்கம் போன் கெட்டுப்போனால் முதலில் கேட்கிற கேள்வி, "நனஞ்சுதா?" ஜூனில் பிடிக்கிற மழை செப்டம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளுக்கு உள்ளேதான் போனையும் செருகியிருப்பார்கள். மழை உள்ளே போகாவிட்டாலும் வியர்வை போகும். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடிகாலையில் ஜீப் ஏறி, குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்கு வருகிற பெண்களுக்கும் இதே பாடுதான்.

அவர்களில் நிறைய பேரிடம் இன்னமும் பழைய பட்டன் செட்டுதான் இருக்கிறது. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஒரு தடவை சார்ஜ் போட்டால் பல நாள் நிற்கும். ஈரக்கையால் நம்பர் அடிக்கலாம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கரண்ட் போனால் டார்ச் இருக்கிறது. நோக்கியா 1100 வந்தது 2003இல். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. தூசி புகாத ரப்பர் கீபேடு, வழுக்காத பக்கங்கள், டார்ச் என்று நம்மைப் போன்ற ஊர்களை மனதில் வைத்தே செய்த செட் அது. 'சி' பட்டனை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் வரும் என்பது எங்கள் பாட்டிமாருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட செட் நனைந்து நின்றுவிட்டால், கடையில் பெரும்பாலும் திறந்துகூடப் பார்க்காமல் "டெட், புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். என் அத்தையின் 1100க்கும் ஒரு கடையில் அதே பதில்தான் கிடைத்தது. அத்தைக்குச் செட்டைவிட அதிலிருந்த நம்பர்கள்தான் கவலை. எல்லாவற்றையும் சிம்மில் இல்லாமல் போன் மெமரியில் போட்டிருந்தார். திருப்பூரில் இருக்கிற மகனின் நம்பர்கூட அவருக்கு மனப்பாடம் இல்லை. அதற்காகத்தான் நான் இதில் இறங்கினேன். இறங்கிய பிறகு புரிந்தது: என் கைக்கு வந்த 'டெட்' செட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிப் எதுவும் போகவில்லை. பொறுமையாகக் கழற்றி, அழுக்கை எடுத்து, சரியாகப் பூட்டினாலே பிழைத்துக்கொண்டன.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது பெரியம்மா மகள். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்ட நோக்கியா ஆலையில் அசெம்பிளி லைனில் நின்றவர். ஆலை மூடியபின் கம்பத்துக்கே திரும்பி வந்துவிட்டார். பழைய நோக்கியாவில் பேட்டரிக்கு அடியில் 'மேட் இன் இந்தியா' என்றிருந்தால் பெரும்பாலும் அங்கே பூட்டியதுதான். அந்த லேபிளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அக்காவின் விரல்கள்தான் நினைவுக்கு வரும்.

அக்கா முதலில் சொன்னது, "கழட்டுறதுக்கு முன்னாடி பேட்டரியைத் தனியா எடுத்துப் பாருடா. பாதி நோவு அதுலதான் இருக்கும்."

1100இல் இருப்பது பிஎல்-5சி என்கிற பேட்டரி. அதன் முனையில் மூன்று தொடுபுள்ளிகள்: ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ், மூன்றாவது இது எந்த பேட்டரி என்று செட்டுக்கு அடையாளம் சொல்வது. அந்த மூன்றாவது புள்ளியில் பாசி பிடித்தால் பேட்டரி நன்றாக இருந்தாலும் செட் மக்கர் பண்ணும். மல்டிமீட்டரில் 4.2 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 3.4க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போடாமல் வேறு எதையும் சோதிப்பதில் பயனில்லை. மேசையில் மல்லாக்க வைத்துச் சுற்றிப் பார்ப்பதும் ஒரு சோதனை. உப்பிய பேட்டரி வழவழவென்று சுழலும், தட்டையானது உடனே நின்றுவிடும். உப்பியதைக் குத்தவோ அமுக்கவோ கூடாது, உள்ளே இருப்பது லித்தியம். புதுசு வாங்கும்போதும் பார்த்து வாங்க வேண்டும். மேலே 1020 எம்ஏஎச் என்று அச்சடித்து உள்ளே பாதி சரக்குகூட இல்லாதவை கடைகளில் தொங்குகின்றன. கையில் எடுத்தால் எடை குறைவாக இருப்பது தெரியும்.

அத்தையின் பேட்டரி சார்ஜ் ஏறியது. ஆகவே செட்டைத் திறந்தேன். பின்மூடி, பேட்டரி, சிம் எல்லாம் எடுத்தபின் முன்மூடியைக் கீழ்ப்பக்கத்திலிருந்து மெல்ல நெம்ப வேண்டும். இதற்கு இரும்பு டிரைவரைவிடக் காலாவதியான ஏடிஎம் கார்டின் ஓரம் நல்லது. பிளாஸ்டிக்கில் தழும்பு விழாது, கொக்கிகள் உடையாது. ரப்பர் கீபேடைத் தூக்கினால், சிப்புகள் பதித்த சர்க்யூட் போர்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் தெரியும். ஆறு முனை நட்சத்திரக் குழி கொண்டவை, டி6 பிட்தான் சரியாக உட்காரும். சாதாரண மைனஸ் டிரைவரைத் திணித்துத் திருகினால் குழி வழுக்கிப்போய் அப்புறம் யாராலும் கழற்ற முடியாது.

ஒரு வெள்ளைத்தாளில் செட்டின் படத்தை வரைந்து, ஸ்க்ரூ இருந்த இடத்திலெல்லாம் இருபக்க டேப்பை ஒட்டி, கழற்றிய ஸ்க்ரூவை அதே இடத்தில் பதித்துவிடச் சொன்னார் அக்கா. சில செட்டுகளில் ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. நீளமானதைக் குட்டை இடத்தில் முடுக்கினால் போர்டில் இடிக்கும். டிஸ்ப்ளே கனெக்டரை நேராக மேலே தூக்க வேண்டும், சாய்த்தால் முள் வளையும். "போர்டுல நடுவுல கை வைக்காத, ஓரத்தப் புடி" என்பதை அக்கா எத்தனை முறை சொன்னார் என்று கணக்கே இல்லை. ஆலையில் மணிக்கட்டில் பட்டை கட்டித்தான் போர்டைத் தொடுவார்களாம், உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சிப்பைச் சுட்டுவிடாமல் இருக்க. மழைக்காலத்தில் காற்று ஈரமாக இருப்பதால் அந்தப் பயம் குறைவு. பிப்ரவரி, மார்ச்சில் கவனம் தேவை.

திறந்ததும் நான் பார்த்தது பச்சை. பேட்டரி கனெக்டரின் ஸ்பிரிங் முனைகளிலும், செட்டின் தலைப்பக்கத்தில் இருக்கும் பவர் சுவிட்சின் கால்களிலும் பச்சைப் பொடி பூத்திருந்தது. செம்பு அரித்து வந்த உப்பு அது. தண்ணீர் மட்டும் போயிருந்தால் காய்ந்ததும் சரியாகியிருக்கும். வியர்வையில் உப்பு உண்டு. பேட்டரி மாட்டியபடியே நனையும்போது அந்த உப்புநீர் வழியாக மின்சாரம் ஓடி, உலோகத்தைக் கரைத்து வேறிடத்தில் படியவைக்கிறது. நனைந்தவுடன் பேட்டரியைக் கழற்று என்று சொல்வது இதனால்தான். கழற்றாமல் "ஆன் ஆகுதா" என்று அழுத்திப் பார்ப்பதுதான் செட்டைக் கொல்கிறது. அரிசிப் பானைக்குள் புதைப்பதாலும் பயன் இல்லை. அரிசி இந்த உப்பை எடுக்காது, தவிடுதான் சார்ஜிங் ஓட்டைக்குள் போகும்.

கழுவுவதற்கு முன் ஒரு சோதனை பாக்கி இருந்தது. போர்டைப் பத்திரமாக ஒரு டப்பாவில் வைத்துக் குமுளிக்கு எடுத்துப்போனேன். அங்கே ரிப்பேர் செய்கிற சேட்டன் ஒருவரிடம் டிசி பவர் சப்ளை இருக்கிறது. பேட்டரிக்குப் பதில் அதிலிருந்து ஏறக்குறைய 4 வோல்ட் கொடுத்து ஆம்பியர் முள்ளைப் பார்ப்பார்கள். பவர் பட்டனைத் தொடுவதற்கு முன்பே முள் ஏறினால் போர்டில் எங்கோ ஷார்ட். அத்தையின் போர்டில் முள் அசையவில்லை. "ஷார்ட் இல்ல, பேடிக்கண்டா" என்றார் சேட்டன், பயப்படாதே என்று. பட்டனை அழுத்தினோம், அப்போதும் அசையவில்லை. அவர் ட்வீசரை எடுத்துச் சுவிட்சின் இரண்டு கால்களையும் ஒரு நொடி சேர்த்துத் தொட்டார். முள் துள்ளியது. டிஸ்ப்ளேயைப் பொருத்திவிட்டு மறுபடி தொட்டபோது, நோக்கியா ஆன் ஆகும்போது வருகிற இரண்டு கைகள் கோர்க்கும் படம் திரையில் வந்தது. டெட் என்று சொன்ன செட்டுக்குக் கெட்டிருந்தது ஒரு சுவிட்ச். பவர் சப்ளையிலேயே செட்டை ஓடவிட்டு, அத்தையின் சிம்மைப் போட்டு எல்லா நம்பரையும் முதல் வேலையாகச் சிம்முக்குக் காப்பி செய்துவிட்டேன். வேறு எது நடந்தாலும் அவை இனி போகாது.

அப்புறம் கழுவல். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்தான் வேண்டும், ரிப்பேர் சாமான் கடையில் 99 சதவீதமுள்ளதாகக் கிடைக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர். கை சானிடைசரில் கிளிசரின் கலந்திருப்பதால் பிசுக்கு நின்றுவிடும். தின்னரில் முக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது பிளாஸ்டிக்கை உருக்கும், அதை நான் தொடுவதே இல்லை. மென்மையான பல்துலக்கி பிரஷை நனைத்து, அழுத்தாமல், ஒரே திசையில் தேய்த்தால் பச்சை கழன்று ஓடும். சிப்புகளை மூடியிருக்கும் தகர ஷீல்டுகளின் ஓரத்தில் இரண்டு மூன்று முறை ஊற்றி வடியவிட வேண்டும், ஈரம் ஒளிந்துகொள்வது அங்கேதான். அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் கூடாது, குபீரென்று பற்றும்.

கீபேடு தனி வேலை. ரப்பருக்குக் கீழே ஒட்டும் தாளில் வரிசையாகச் சின்னச் சின்ன உலோகக் குமிழ்கள் இருக்கும். டோம் ஷீட் என்பார்கள். விரல் அழுத்தும்போது குமிழ் அமுங்கி, போர்டிலுள்ள தங்க வளையத்தையும் அதன் நடுப்புள்ளியையும் இணைக்கிறது. விட்டதும் 'டிக்' என்று மேலே எழும்புகிறது. அந்த டிக் செத்த குமிழ்தான் 'அழுத்தினா வராது' என்கிற பட்டன். அத்தையின் செட்டில் 5 வராமல் போனதற்குக் காரணம், வளையத்தின் மேல் படிந்த பழுப்புப் படலம். பென்சில் ரப்பரை வைத்து மெல்ல நாலு தேய்ப்பு, அதன்மேல் ஆல்கஹால், தங்கம் மின்னியது. தங்கப் பூச்சு மிக மெல்லியது, அதனால் உப்புத்தாள் பக்கமே போகக் கூடாது. ஷீட்டைப் புதிதாக ஒட்டும்போது பசைப்பக்கத்தில் விரல் படக் கூடாது. ட்வீசரால் ஒரு மூலையை உட்காரவைத்து அங்கிருந்து காற்று நிற்காமல் நீவிக்கொண்டே போக வேண்டும்.

காயவைக்க இங்கே வெயிலை நம்ப முடியாது. அடுப்படியில் வைத்தால் புகை படியும். ஒரு அட்டைப்பெட்டிக்குள் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, செருப்புப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப்போட்டு, போர்டைத் தள்ளி வைத்து ஓர் இரவு விட்டேன். பிறகு சேட்டன் புது சுவிட்சைச் சோல்டர் செய்துகொடுத்தார்.

பூட்டுவதில்தான் அக்காவின் தொழில் தெரிந்தது. "எல்லாத்தையும் மூடிட்டு ஆன் பண்ணாத. ஒவ்வொண்ணா மாட்டி, ஒவ்வொண்ணா பாரு." மைக், ஸ்பீக்கர், ரிங்கர் எல்லாம் மாட்டும் முன் மீட்டரில் தொடர்பு காட்டுகிறதா என்று பார்த்தேன். டிஸ்ப்ளேயின் கண்ணாடியில் உள்பக்கம் ஒரு தூசி இருந்தாலும் மூடிய பிறகு அது மட்டும்தான் கண்ணில் படும், ஊதாமல் பிரஷால் எடுக்க வேண்டும். ஊதினால் எச்சில் துளி போகும். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகப் பாதி முடுக்கி, எல்லாம் உட்கார்ந்தபின்தான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்டு ஒரு பக்கம் தூக்கி நிற்கும்.

ஒரு ஜீப் டிரைவர் அண்ணன் கொண்டுவந்த 3310இல் இந்தப் பாடம் அப்படியே உதவியது. 2000இல் வந்த செட் அது, 12 கோடிக்கு மேல் விற்றது. அதில் டிஸ்ப்ளேக்கு ரிப்பன் கேபிள் கிடையாது, ஸ்பிரிங் முனைகள் போர்டின் தங்கப் புள்ளிகளில் அழுந்தி நிற்கும். ஆறு டி6 ஸ்க்ரூக்களும் சரிசமமாக இறுகினால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். அண்ணனின் புகார் "எழுத்து வருது போகுது." முனைகளையும் புள்ளிகளையும் துடைத்து, மூலைக்கு மூலை இறுக்கினேன். அவ்வளவுதான், திரை நின்றது.

சிம்மைப் பற்றி இவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். இப்போது கிடைக்கும் சிம்மை உடைத்து நானோ அளவாக்கிவிட்டுப் பழைய செட்டுக்காகத் திரும்ப அடாப்டரில் வைக்கிறார்கள். நானோ சிம் பழைய அளவைவிடத் தடிமனும் கொஞ்சம் குறைவு, 0.76 மில்லிமீட்டருக்குப் பதில் 0.67. அதனால் முனைகள் சரியாகத் தொடாமல் 'இன்சர்ட் சிம்' என்று வரும். அதைவிட மோசம், அடாப்டரை வெளியே இழுக்கும்போது அதன் விளிம்பு சிம் ரீடரின் முனையைக் கொக்கிபோட்டுப் பிய்த்துவிடும். புது சிம் வாங்கும்போதே பெரிய அளவில் உடைத்து அப்படியே போடுங்கள். ஜியோ சிம் போட்டுவிட்டு "டவரே இல்ல" என்று வருகிறவர்களும் உண்டு. ஜியோவில் 2ஜி இல்லை, இந்த செட்டுகளுக்குத் தெரிந்தது 2ஜி மட்டும்தான். பிஎஸ்என்எல், ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) சிம் போட்டால் எடுக்கும்.

யாரோ விற்கிற பழைய செட்டை ரிப்பேருக்கோ உதிரிக்கோ வாங்குவதாக இருந்தால் *#06# அடித்து, ஒவ்வொரு செட்டுக்கும் தனி அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பாருங்கள். பேட்டரிக்கு அடியிலுள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். கேஒய்எம் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு அனுப்பினால் விவரம் வரும். எண்ணை மாற்றுவது குற்றம். மாற்றித் தரச்சொல்லிக் கேட்டு வருகிற செட்டை நான் திறப்பதே இல்லை.

அத்தையின் 1100 இப்போது தோட்டத்துக்குப் போய்வருகிறது, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள். உறையைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் திறந்து, செட்டைத் துடைத்து வெளியே வைக்கச் சொல்லியிருக்கிறேன். மூடிய உறைக்குள் வியர்வை ஆவியாகி உள்ளேயே தங்கினால் பச்சை மறுபடி பூக்கும். சோல்டரிங்கை நானே செய்யப் பழகுவதுதான் அடுத்த வேலை. சேட்டன் செத்த போர்டு சிலவற்றைப் பழகக் கொடுத்திருக்கிறார், அவற்றில் சுவிட்சைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.