கடுக்காய் கொடுத்த கறுப்பு

வாழைக்காய் நறுக்கி முடித்தால் அம்மாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்திருக்கும். அருவாமனை வாயிலும் ஒரு கறுப்புக் கோடு ஓடியிருக்கும். கோலிக்குண்டு அளவு புளியை எடுத்துத் தேய்ப்பார், போய்விடும். எவர்சில்வர் கத்தி வந்த பிறகு அந்தக் கறை அவ்வளவாக வருவதில்லை. காய் அதே காய்தான். அப்போ அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. காயின் துவர்ப்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் பிறக்கிற நிறம் அது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அதையே துணியில் நிறுத்திப் பார்க்கலாம் என்று இறங்கி, இப்போது பத்து மாதம் ஆகிறது.

இறங்கியதற்குக் காரணம் அப்பா. வருஷா வருஷம் கார்த்திகை முதல் தேதி மாலை போடுவார். போன வருஷம் கடையில் வாங்கிய கறுப்பு வேட்டி நாலைந்து குளியல் வரைக்கும் இடுப்பில் சாயம் இறக்கியது. கூட ஊறிய வெள்ளைத் துண்டும் பாழ். "அடுத்த வருஷம் நானே சாயம் போட்டுத் தர்றேன்ப்பா" என்று சொல்லிவிட்டேன். சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்துக்குள் வரும் திருமணிமுத்தாறு, சாயத்தண்ணீரைச் சுமந்து ஓடியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் மொட்டை மாடியில் நான் செய்யப்போவது மண்ணைக் கெடுக்காத சாயமாக இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன்.

தை மாதம். சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் அரைக் கிலோ கடுக்காய், 100 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி ஒரு கட்டி வாங்கினேன். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்பார்கள். மருந்துக்குச் சொன்னதுதான், ஆனால் சாயத்துக்கும் கொட்டையைத் தட்டி எறிவது நல்லது. துவர்ப்பு முழுக்க மேல் சதையில் இருக்கிறது. உரலில் இடித்த தூளை நாக்கு நுனியில் வைத்தேன். வாய் சுருங்கி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சிலில் இருக்கும் புரதத்தை டானின் என்ற துவர்ப்புப் பொருள் பிடித்துக்கொள்வதால் வரும் உணர்ச்சி அது. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தும்போது ஆவாரம்பட்டை செய்வதும் இதே பிடிப்புதான்.

டானின் எல்லாம் பீனால் குடும்பம். பீனால் என்றால் வீடு துடைக்கும் பினாயில்தான் சட்டென்று நினைவுக்கு வரும். ஆனால் அடுப்படியே இந்தக் குடும்பத்தால் நிறைந்திருக்கிறது. ஆறு கார்பன் சேர்ந்த ஒரு வளையம், அதன்மேல் நேராக ஒட்டிய ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கை ஒன்றாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான் இலக்கணம். மஞ்சளில் குர்குமின், காப்பிக்கொட்டையில் குளோரோஜெனிக் அமிலம், கிராம்பில் யூஜெனால். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விட்டதும் சிவப்பது குர்குமினின் கை சுண்ணாம்புக் காரத்தில் தன் ஹைட்ரஜனை விட்டுவிடுவதால். குக்கர் கைப்பிடியும் பழைய கறுப்பு ஸ்விட்சும் பேக்கலைட். 1907-ல் லியோ பேக்லாண்ட் பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து இறுக்கிச் செய்தது. ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை ஆரத்தித் தட்டில் சிவப்பாகவும் அடுப்பில் கைப்பிடியாகவும் இருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

முதல் முயற்சி திட்டுத் திட்டாக வந்தது. கோராத் துணியைச் சும்மா அலசிவிட்டுக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டேன். அம்மாப்பேட்டையில் தறி போடும் அக்கா ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். துணியைத் தடவிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "கஞ்சி போகலியே தம்பி. பாவுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்குது." வீட்டுக்கு வந்து ஓரத்தில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டேன், நீலமாகப் பூத்தது. மாவுச்சத்து அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். அதிலிருந்து துணியை ராத்திரி முழுக்க ஊறவைத்து, சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, அயோடின் நீலம் காட்டாத வரைக்கும் அலசுகிறேன். இந்த ஒரு வேலையைச் சுருக்கினால் பின்னால் என்ன செய்தாலும் தேறாது.

மாசியில்தான் தண்ணீரின் சேட்டை புரிந்தது. மூன்று கண்ணாடி டம்ளர், மூன்றிலும் ஒரே அளவு கடுக்காய்த் தூள். ஒன்றில் எங்கள் போர் தண்ணீர், ஒன்றில் மேட்டூர் குழாய்த் தண்ணீர், ஒன்றில் சேர்த்து வைத்திருந்த மழைத் தண்ணீர். மறுநாள் காலையில் மழைத் தண்ணீர் வைக்கோல் மஞ்சளாகத் தெளிந்திருந்தது. குழாய்த் தண்ணீர் கொஞ்சம் மங்கல். போர் தண்ணீரோ பாசி படிந்த மாதிரிப் பழுப்புப் பச்சையாகி, மேலே ஆடை கட்டியிருந்தது. கெட்டித் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் காரமும் இருக்கிறதே, அதில் பீனால்கள் காற்றோடு சேர்ந்து சீக்கிரம் கறுத்துவிடும். போர் தண்ணீரில் போட்ட கட்டஞ்சாயாவில் ஆடை மிதப்பதும் எலுமிச்சை பிழிந்தால் தெளிவதும் இதே விவகாரம். அதற்கப்புறம் சாயத்துக்கு மழைத் தண்ணீர் மட்டும்தான்.

அளவு இப்படி வைத்துக்கொண்டேன்: 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்த் தூள், இளஞ்சூட்டில் 2 லிட்டர் தண்ணீர், ஒரு ராத்திரி ஊறல். எடுத்துப் பிழிந்து, அலசாமல் காயவைக்க வேண்டும். துணி வெளிர் மஞ்சளாக இருக்கும், பார்த்தால் சாயம் ஏறினதாகவே தெரியாது. இனி இரும்பு.

அன்னபேதி கரைத்த தண்ணீரில் அந்த மஞ்சள் துணியை விட்ட நொடி மறக்க முடியாதது. துணி தண்ணீரைத் தொட்ட ஓரத்திலிருந்து சாம்பல் நிறம் மேலே ஏறியது. தூக்கிப் பிழிந்து உதறினேன். கொடியில் போட்டதும் இன்னும் இருண்டது, கால் மணி நேரத்தில் ஐப்பசி மேகம் மாதிரி ஆகிவிட்டது. அன்னபேதியில் இரும்பு இரண்டு எலக்ட்ரானை இழந்த இரண்டாம் நிலையில் இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு மூன்றாம் நிலைக்குப் போகப் போகத்தான் டானினோடு இறுகிக் கறுக்கிறது. அந்தக் காலத்துக் கடுக்காய் மையும் எழுதும்போது வெளிறி, காயும்போது கறுத்தது இதனால்தான்.

ஆசையில் ஒரு தப்பு செய்தேன். இன்னும் கறுக்கட்டும் என்று 100 கிராம் துண்டுக்கு 20 கிராம் அன்னபேதி போட்டேன். நல்ல அண்டங்காக்கைக் கறுப்பு வந்தது. இரண்டு மாதம் துவைத்துப் பயன்படுத்தினேன். வைகாசியில் ஒருநாள் தலை துவட்டும்போது நடுவில் சர்ரென்று கிழிந்தது. கிழிந்த இடத்தில் நூலை இழுத்தால் தூளாக வந்தது. சாயம் படாமல் கட்டி வைத்திருந்த முனை மட்டும் கெட்டியாகவே இருந்தது. தறிக்கார அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நூலு செத்துப் போச்சு தம்பி" என்றார். அன்னபேதி டானினோடு சேரும்போது கந்தக அமிலம் விடுபடுகிறது. மிச்சம் கிடக்கும் இரும்போ காற்றோடு சேர்ந்து பருத்தி இழையை அரிக்கிறது. கறுப்பு கிடைத்தது என்று நான் நிம்மதியாக இருந்தபோது, அது எனக்குக் கடுக்காய் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பழைய ஆட்கள் எப்படிச் செய்தார்கள் என்று தேடினேன். துணியில் கையால் படம் வரையும் கலம்காரிக்காரர்கள் துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் சாறுதான் அவர்களுடைய கறுப்பு. வெல்லம் புளித்துக் காடி ஆகிறது, காடி இரும்பைக் கரைக்கிறது. அதில் வருவது அசிட்டிக் அமிலம். அது காய்கிறபோது ஆவியாகப் போய்விடும், கந்தக அமிலம் மாதிரித் துணியிலேயே தங்காது. இது தெரிந்ததும் அன்னபேதிப் பொட்டலத்தை மூட்டை கட்டினேன்.

இரும்புக்கு முதலில் சேலத்துக்குப் பக்கத்திலிருக்கும் கஞ்சமலை ஞாபகம்தான் வந்தது. மலையே மேக்னடைட் இரும்புக் கல். 1830களில் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் வைத்த இரும்பு ஆலைக்குச் சேலத்துக் கல்தான் போனது. சித்தர் கோயிலுக்குப் போன ஒரு அமாவாசையன்று அடிவாரத்து ஓடையில் காந்தத்தை மணலில் உருட்டினேன். மயிர் சிலிர்த்த மாதிரிக் கறுப்பு மணல் ஒட்டிக்கொண்டது. ஒரு கைப்பிடி கொண்டுவந்து வெல்லத் தண்ணீரில் போட்டு 20 நாள் வைத்தேன். துணியில் வந்தது மங்கின சாம்பல்தான். மேக்னடைட் ஏற்கெனவே ஆக்சிஜனோடு இறுகிக் கிடக்கும் இரும்பு, காடி மாதிரி மென்மையான அமிலத்துக்கு அவ்வளவு லேசில் கரையாது. நம்மூர்க் கல்லில் நம்மூர்க் கறுப்பு என்று பெரிய ஆசை வைத்திருந்தேன். அது நடக்கவில்லை என்பதில் இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

பக்கத்தில் கட்டட வேலை நடந்த இடத்தில் துருப்பிடித்த ஆணி அரைக் கிலோ கிடைத்தது. மண்பானை, கால் கிலோ கருப்பட்டி, 3 லிட்டர் தண்ணீர். வாயைத் துணியால் கட்டினேன், இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து பானை வெடித்துவிடும். மூன்றாம் நாள் நுரை, பத்தாம் நாள் புளித்த வாடை, இருபத்தைந்தாம் நாள் அடியில் துருவும் மேலே கரும்பழுப்புச் சாறும். கடுக்காய் ஏறிய துணியில் குச்சியால் ஒரு கோடு இழுத்தேன், நின்று கறுத்தது.

இதற்கு நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போய் வந்தது வீண் போகவில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டதிலிருந்து அந்த மலையில் காப்பி விளைகிறது. தோட்டக்காரர் ஒருவரிடம் வறுக்காத பச்சைக் கொட்டை கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து, இடித்து, மழைத் தண்ணீரில் ஊறவைத்தேன். வடிகட்டினதில் இரும்புச் சாறு ஒரு சொட்டு. கறுக்கும் என்று காத்திருந்தேன், கரும்பச்சை வந்தது! காசுக்கட்டிக் கரைசலிலும் விட்டுப் பார்த்தேன், அதுவும் பச்சை சாய்ந்த கறுப்பு. கடுக்காயில் நீலம் சாய்ந்த கறுப்பு. சித்திரையில் மல்கோவா தின்று காயவைத்திருந்த மாங்கொட்டைப் பருப்பைக்கூட விடவில்லை, அதிலும் நீலக்கறுப்பு.

வளையத்தின் மேல் இருக்கும் கைகளின் எண்ணிக்கைதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். காப்பியின் குளோரோஜெனிக் அமிலத்திலும் காசுக்கட்டியின் கேட்டசினிலும் இரும்பைப் பிடிக்கும் கைகள் அடுத்தடுத்து இரண்டு, அதனால் பச்சை. கடுக்காயிலும் மாம்பருப்பிலும் இருக்கும் காலிக் அமில அமைப்பில் அடுத்தடுத்து மூன்று, அதனால் நீலம். குளோரோஜெனிக் என்ற பெயரைப் பார்த்துக் குளோரின் இருப்பதாக நினைத்திருந்தேன். கிரேக்கத்தில் குளோரோஸ் என்றால் பச்சை. அதில் குளோரின் துளியும் கிடையாது. நாலு டம்ளரை மாடிச் சுவரில் வரிசையாக வைத்து, மங்குகிற வெளிச்சம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பத்து மாதத்தில் என் மனசுக்கு மிகவும் நிறைவாக இருந்த சாயங்காலம் அது. கண்ணுக்குத் தெரியாத கைகளை நிறத்தை வைத்தே எண்ணிவிட முடிகிறது.

வேட்டிக்கு ஆவணியில் கைவைத்தேன். நாலு முழம், 220 கிராம். ஒரே முக்கில் கறுப்பாக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். கடுக்காயில் ராத்திரி ஊறல், காயவைத்தல், நீர்த்த இரும்புச் சாற்றில் 5 நிமிஷம், நிழலில் ஒரு நாள் காற்று, அலசல். மறுபடியும் முதலிலிருந்து. ஏழு சுற்று. மூன்றாவது வரைக்கும் எலிச்சாம்பல், ஐந்தில் கரிக்கறுப்பு, ஏழில் வெயிலில் பிடித்தால் மட்டும் நீலம் தெரிகிற கறுப்பு. கடைசியாக இரும்பு இல்லாமல் கடுக்காய் மட்டும் ஒரு முறை, பிடிபடாமல் தனியே திரியும் இரும்பைக் கட்டிப்போடுவதற்கு. எருமைப்பால் சேர்த்தால் சாயம் ஓடாது என்பது கலம்காரி வழக்கம். ஒரு துண்டில் சேர்த்துப் பார்த்தேன், நன்றாகவே பிடித்தது. ஆனால் வாடை போக ஒரு வாரம் ஆனது. விரதத்துக்குக் கட்டுகிற வேட்டி, அதனால் வேண்டாம் என்று விட்டேன்.

அலசிய தண்ணீரைப் படியவிட்டு, தெளிந்ததை முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். மரம் நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று கார்த்திகை 20. அப்பா தினமும் இரண்டு வேளை குளிக்கிறார், வேட்டி தினமும் துவைத்தாகிறது. இடுப்பில் கறை இல்லை, அரிப்பு இல்லை. வெட்டி வைத்திருந்த மாதிரித் துணியோடு பக்கத்தில் வைத்தால் ஒரு மாற்றுக் குறைந்திருக்கிறது, பழுப்பாகவில்லை. ஓரத்து நூலை வாரம் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன், கெட்டியாக இருக்கிறது.

போன சனிக்கிழமை அன்னதானத்தில் ரசம் சிந்தி, முழங்கால் பக்கம் எட்டணா அகலத்துக்கு வேட்டி வெளுத்துவிட்டது. அப்பா வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொல்லத் தயங்கிக்கொண்டு நின்றார். அம்மாதான் பார்த்துவிட்டு, "புளி பட்டா போகத்தானேடா செய்யும்" என்றார். விரல் கறையைப் போக்கிய அதே புளி, துணியிலும் இரும்பை டானினிடமிருந்து பிரித்தெடுத்திருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் கடுக்காய்த் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி, காய்ந்ததும் பானையிலிருந்து ஒரு சொட்டு இரும்புச் சாறு வைத்தேன். காலையில் தேடினேன், எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை.