வகுப்பிலேயே பெரிய பாதம்

மகள் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். தாள் முழுக்க ஒற்றைப் பாதம். இடம் போதாமல் கட்டைவிரல் ஓரத்தில் பாதியோடு நின்றிருந்தது. குதிகாலில் கொஞ்சம் பச்சை அடித்திருந்தாள், மற்றதெல்லாம் சிவப்பு.

"என்ன கண்ணு இது, பெருமாள் பாதமா?"

"இல்லப்பா, நம்ம பாதம். கிளைமேட் பாதம். கிளாஸ்லயே என்னோடதுதான் பெருசு."

பெருமையாகச் சொன்னாளா வருத்தமாகச் சொன்னாளா என்று பிடிபடவில்லை. எட்டு வயதில் எதிலும் பெரிதாக இருப்பது நல்ல விஷயம்தானே. நம்மால் எவ்வளவு கார்பன் புகை வருகிறது என்பதைப் பாதத்தின் அளவில் காட்டும் பாடம் இது: பள்ளிக்கு எப்படி வருகிறாய், வாரத்துக்கு எத்தனை நாள் கறி, போன வருஷம் எத்தனை புதுத் துணி என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் பாதம் கொஞ்சம் வளரும். இவள் சைக்கிளில் போகிறாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோழி, சட்டையெல்லாம் அத்தை மகள் போட்டு மிச்சம் வைத்தது. அதுவரை வகுப்பிலேயே சின்னப் பாதம் எங்களுடையது. கடைசிக் கேள்வி: விடுமுறைக்கு எங்கே போனாய், எதில் போனாய்? அப்பாயி வீடு. விமானம். பாதம் தாளைத் தாண்டிவிட்டது.

"பக்கத்து சீட்டுக்காரியோட பாட்டி நோர்ஷோப்பிங்ல இருக்காங்க, ட்ரெயின்ல அரை மணி நேரம். என்னோட அப்பாயி மட்டும் ஏன்ப்பா பேராவூரணில இருக்காங்க?"

நான் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். பிசைந்துகொண்டே இருந்தேன்.

இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் தாண்டிவிட்டது. ஸ்வீடனில் லின்ஷோப்பிங். எழுத்துக்கூட்டிப் படித்தால் லிங்கோப்பிங் என்று வரும், அப்படிக் கேட்டுத்தான் முதல் நாள் ரயில் டிக்கெட் வாங்கினேன். அம்மாவுக்கு இன்றுவரை அது லிங்கப்பேட்டை. 2019 ஜனவரியில் இரண்டு வயதுக் குழந்தையோடு வந்து இறங்கியபோது பனியைவிட அதிகம் காதில் விழுந்தது ஒரு வார்த்தை: ஃப்ளீக்ஸ்காம். விமானத்தில் பறப்பதற்கு வெட்கப்படுவது என்று அர்த்தம். அதற்குக் கூடப்பிறந்த வார்த்தைகளும் உண்டு. ரயிலில் போய்விட்டுப் பீற்றிக்கொள்வதற்கு ஒன்று, யாருக்கும் சொல்லாமல் திருட்டுத்தனமாகப் பறப்பதற்கு ஒன்று. நமக்கு அத்தை, சித்தி, பெரியம்மா என்று வகைவகையாக வார்த்தை இருப்பது மாதிரி இவர்களுக்குக் குற்ற உணர்ச்சியில்.

அதற்கு முந்தைய கோடையில் இங்கே மழையே இல்லாமல் காடுகள் பற்றி எரிந்திருக்கின்றன. அந்த ஆகஸ்டில்தான் 15 வயது கிரேட்டா துன்பர்க் கிளைமேட்டுக்காக ஒரு அட்டையோடு ஸ்டாக்ஹோமில் நாடாளுமன்றத்துக்கு வெளியே போய் உட்கார்ந்தார். நான் வந்த வருஷம் விமான நிலையங்களில் கூட்டம் நிஜமாகவே குறைந்தது, உள்நாட்டுப் பயணங்களில் இன்னும் கூடுதலாக. அலுவலகத்தில் ஃபீகா நேரத்தில் இதே பேச்சு. ஃபீகா வேறொன்றுமில்லை, நம்ம ஊர் டீக்கடை பெஞ்சைத் தூக்கிக் கண்ணாடி அறைக்குள் வைத்துச் சத்தத்தைக் குறைத்தால் அதுதான். ஒருவர் இரண்டு நாள் ரயில் மாறி மாறி இத்தாலிக்குப் போன கதையைச் சொன்னார். ஹாம்பர்க்கில் ரயிலைத் தவறவிட்டு நாலு மணி நேரம் நின்றதைக்கூட மலைக்குப் போய்வந்தவர் கால்வலியைச் சொல்வதுபோல ரசித்துச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ எப்படிப் போவாய்?" என்றார். நிஜமாகத்தான் கேட்டார், குத்தல் இல்லை. எல்லாரும் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லாரும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். அதே மேஜையில் இன்னொருவர் இருந்தார். ஊருக்கு வெளியே பண்ணை வீடு, டீசல் வோல்வோ, பஸ் கிடையாது. 2019-ல் பெட்ரோல் விலைக்கு எதிராக ஃபேஸ்புக்கில் ஒரு கூட்டம் கிளம்பி ஐந்து லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். மொத்த ஜனத்தொகையே ஒரு கோடியை இப்போதுதான் தாண்டியிருக்கும் நாட்டில் அது சாதாரணக் கூட்டமில்லை. அதில் இவரும் ஒருத்தர். 1991-லேயே கார்பனுக்கு வரி போட்ட தேசம் இது. 2018-ல் விமான டிக்கெட்டுக்கும் வரி போட்டார்கள், 2025 ஜூலையில் அதை எடுத்தும்விட்டார்கள். எடுத்த அன்று வோல்வோக்காரர் கேக் வாங்கிவந்தார். இத்தாலிக்கு ரயிலில் போனவரும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். நல்ல கேக்.

எனக்கு இங்கே பழகிவிட்டது என்று தாராளமாகச் சொல்லலாம். சாப்பாட்டுக் கழிவுக்குப் பச்சைப் பை கொடுத்தார்கள், அதை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். ஆலையில் இயந்திரம் நிறத்தைப் பார்த்துப் பச்சைப் பைகளைத் தனியே பொறுக்கிவிடும். அதிலிருந்து பயோகேஸ், அதில் பஸ். 2002-லேயே இந்த ஊர் டவுன் பஸ் அத்தனையையும் பயோகேஸுக்கு மாற்றிவிட்டார்கள். முதன்முதலில் பையைக் கட்டிவிட்டு அம்மாவை வீடியோவில் அழைத்து, நேற்று சாம்பாரில் போட்ட முருங்கைக்காய்ச் சக்கையில் நாளைக்கு பஸ் ஓடும் என்றேன்.

"கழனித் தொட்டியில ஊத்துனா மாடு குடிக்கும். அங்க பஸ்ஸு குடிக்குது. அவ்வளவுதானே" என்றார் அம்மா.

அவ்வளவுதான். இருந்தாலும் இரண்டாவது முடிச்சைப் போடும்போதெல்லாம் எங்கள் கொல்லைப்புறத்துக் கழனித் தொட்டிதான் முன்னால் வந்து நிற்கிறது. உடைந்த அண்டா அது. அரிசி கழுவிய தண்ணீர், வாழைப்பழத் தோல், வடித்த கஞ்சி எல்லாம் அதில் விழும். சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்து அள்ளிப் போவார். மறுநாள் காலையில் அரை டம்ளர் பால் திரும்பி வரும்.

பாதத்துக்கு வருகிறேன். அன்று ராத்திரி மகள் தூங்கியபிறகு நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்டாக்ஹோம் ஆர்லாண்டா விமான நிலையத்தில் ஏறித் தோஹா வழியாகச் சென்னை, அப்படியே திரும்பி வர. ஒவ்வொரு இணையதளமும் ஒவ்வொரு எண் சொன்னது, ஆளுக்கு ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடுக்குக் கீழே எதுவும் இறங்கவில்லை. இந்தியாவில் ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு வரும் சராசரியே இரண்டு டன் பக்கம்தான். நாங்கள் மூன்று பேர். அதாவது ஒவ்வொரு லீவுக்கும் எங்கள் தெருவில் இரண்டு பேருடைய ஒரு வருஷ வாழ்க்கையை வானத்தில் ஊதிவிட்டு அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிறோம்.

அம்மா இதுவரை விமானம் ஏறியதில்லை. தென்னை மட்டையும் பாளையும்தான் வெந்நீர் அடுப்புக்கு. கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டைத் தாண்டுவதே அபூர்வம். தாளில் அவர் பாதத்தை வரைந்தால் பூனைக்கால் அளவுகூட வராது. ஆனால் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் கொல்லையில் அப்பா வைத்த அறுபது தென்னையில் ஒன்பதுதான் நின்றது. அந்தப் புயல் இன்னாருடைய கார்பனால் வந்தது என்று யாரும் ரசீது தர முடியாது. ஆனாலும் ஃபீகா மேஜையில் கிளைமேட் என்ற வார்த்தை விழும்போதெல்லாம் எனக்குப் பனிக்கரடி ஞாபகம் வருவதில்லை. விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி அம்மா கிணற்றடிக்குப் போன நடைதான் வருகிறது. இரண்டு மாதம் கழித்து நான் இங்கே வந்துவிட்டேன்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. ஜனவரியில் வெளியே மைனஸ் 10, உள்ளே 21 டிகிரியில் நான் பனியனோடு இட்லி சாப்பிடுகிறேன். ஊருக்கு வெளியே குப்பையை எரித்துக் குழாயில் சூடு அனுப்புகிறார்கள், கரண்டு ஆற்றிலிருந்தும் அணு உலையிலிருந்தும் வருகிறது. பாதத்தில் பெரிதாக எதுவும் ஏறாது. அம்மா மே மாதம் ஏசி போட்டால் நம்ம ஊர் நிலக்கரிக் கரண்டில் யூனிட்டுக்கு யூனிட் ஏறும். போன வருஷம் நான்தான் பிடிவாதமாக ஏசி மாட்டிவிட்டு வந்தேன். "நீ வந்தா போடுறேன்டா" என்று அதன் மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி வைத்திருக்கிறார். ஆக, என் விமானத்தோடு சேர்ந்து அந்த ஏசியும் என் கணக்கில்தான்.

மாடி வீட்டு மூதாட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது. முன்பெல்லாம் குளிர்காலம் வந்தால் தாய்லாந்துக்குப் பறந்துவிடுவார், இந்த ஊரில் நிறையப் பேருக்கு அதுதான் வழக்கம். ஸ்வீடன்காரர் ஒருவரின் விமானப் புகை உலக சராசரியைப் போல ஐந்து மடங்கு என்று சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணக்கெடுத்துச் சொன்னார்கள். அதைப் பேப்பரில் படித்த அன்றோடு நிறுத்திவிட்டாராம். அதில் எனக்கு அவர்மேல் மரியாதைதான். போன டிசம்பரில் நாங்கள் பெட்டி கட்டும்போது படியில் நிறுத்தி, மெதுவாக, "ஏலக்காய் கிடைக்குமா? உங்கள் ஊருடையது வாசனையாக இருக்கும்" என்றார். உடனே கையை உயர்த்தி, "அதற்காகப் பறக்க வேண்டாம். எப்படியும் போவதாக இருந்தால் மட்டும்" என்றார். எப்படியும்தான் போகிறோம் என்றேன்.

கால் கிலோ போடி ஏலக்காய் கொண்டுவந்து கொடுத்தேன். இந்த ஜனங்கள் பன்னில் ஏலக்காய் போடுவதை நம்ம ஊர்க்காரர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள், கைப்பிடிக் கணக்கு. அவர் இடித்த அன்று மூன்று மாடிக்கும் வாசனை. துவைக்க வேண்டிய துணியோடு கீழே போய்க்கொண்டிருந்தவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஏலக்காயை முழுசாக யாரும் போட்டதில்லை. இரண்டே இரண்டை எண்ணி எடுத்து அம்மிக் குழவியால் நசுக்கி, தோலைச் சர்க்கரை டப்பாவில் போட்டு வைப்பார் அம்மா. தோலும் வீணாகாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மகள் அந்தப் பாதத்தை அப்பாயிக்குக் காட்டினாள். நான் தடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல மரம் வெச்சதைப் போட எடம் இருக்கா?"

"இல்ல அப்பாயி. கறி, துணி, பிளேன் மட்டும்தான்."

"அப்ப பின்பக்கம் போடு. புயலுக்கு அப்புறம் இருபத்தஞ்சு தென்னம்புள்ள வெச்சேன். இப்பதான் பாளை விடுது."

மகள் தாளைத் திருப்பிப்போட்டுக் கோடு கோடாக மரம் வரைய ஆரம்பித்தாள். கீழே இருபத்தைந்து என்று எழுதி முடித்ததும் அம்மா போனுக்கு இன்னும் கிட்டத்தில் வந்தார்.

"ரெண்டைக் கழிச்சுக்க தங்கம். ஒண்ணு காண்டாமிருக வண்டு குருத்தைத் தின்னுருச்சு. இன்னொண்ணை ஆடு கடிச்சுருச்சு, தழையுமான்னு தெரியல."

மகள் அழிப்பானைத் தேடி எழுந்து போனாள்.