எவரெஸ்ட் அடிவாரமா, சந்தக்ஃபூவா? வத்தல்மலையில் கிடைத்த பதில்

தொள்ளாயிரம் ரூபாய்! வத்தல்மலையிலிருந்து தர்மபுரி பேருந்து நிலையம் வரை மூன்று பேரைக் கொண்டுவந்து விட ஒரு வேன்காரர் வாங்கிய காசு இது. கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பின்னால் காலி தக்காளிக் கூடைகள், அவற்றுக்கு நடுவில் நாங்கள். முதலில் ஐந்நூறு என்றுதான் சொன்னார். மாமாவின் முட்டி வீங்கியிருப்பதையும் பஸ் போய்விட்டதையும் பார்த்ததும் தொள்ளாயிரம் ஆகிவிட்டது. நொண்டி நிற்கிற மனுஷனைப் பார்த்து விலையை ஏற்றுவது அநியாயம். குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

ஆனால் அந்த இரண்டு நாள் நடை இல்லையென்றால் இதைப் போல எழுபது மடங்கு காசைத் தவறான இடத்தில் கட்டியிருப்போம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

இமயமலையில் ஒரு மலையேற்றம் போக வேண்டும் என்று இரண்டு வருஷமாகப் பேசுகிறோம். மாமா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர், வயது ஐம்பத்து நான்கு, போனால் எவரெஸ்ட் அடிவார முகாம்தான் என்கிறார். சித்தி மகன், இருபத்தைந்து வயது, தினமும் தர்மபுரி ஸ்டேடியத்தில் ஓடுகிறவன், இமாச்சலில் மணாலிப் பக்கத்து ஹம்ப்டா கணவாய் என்று ஒரே பிடி. எனக்குப் பனியைக் கண்ணால் பார்த்தால் போதும். ஓசூரில் கணக்கு வேலை. சேர்ந்தாற்போல ஏழு நாள் லீவு தருவார்கள், அதற்கு மேல் கேட்டால் முகம் மாறும். செலவுக்கு இருபத்தைந்தாயிரம் சேர்த்து வைத்திருக்கிறேன்.

யாரிடமும் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் நம்ம ஊர் மலையிலேயே இரண்டு நாள் மூட்டையோடு ஏறிப் பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஒரு நாள் யார் வேண்டுமானாலும் ஏறலாம். மறுநாள் காலையில் கால் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. அங்கே போனால் ஐந்தாறு நாள் தொடர்ந்து நடக்க வேண்டும், நடுவில் வீட்டுக்கு வந்து படுக்க முடியாது.

சனிக்கிழமை ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டத்து மலைக்கோட்டை. கிருஷ்ணகிரி ஊருக்குத்தான் ரயில் இல்லை, ராயக்கோட்டைக்கு இருக்கிறது. தர்மபுரியில் காலை பாசஞ்சரில் ஏறினால் பாலக்கோடு தாண்டி இறங்கிவிடலாம், டிக்கெட் டீ செலவுக்குள் முடிந்துவிடும். ஆளுக்கு எட்டு கிலோ மூட்டை. அதில் பாதிக்கு மேல் தண்ணீர் கேன். இது நல்ல யுக்தி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஏறும்போது தண்ணீரைச் சுமந்து, உச்சியில் குடிக்க வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டால், இறங்கும்போது முட்டிக்குப் பாரம் குறையும்.

ராயக்கோட்டையின் படிகளும் பாறைச் சரிவும் குறுகிய நேரத்துக்குள் மூச்சை வாங்கிவிடும். 1791-இல் மேஜர் கௌடி என்ற ஆங்கிலேய அதிகாரி திப்புவின் ஆட்களிடமிருந்து பிடித்த கோட்டை இது. அடுத்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் பாராமகால், அதாவது நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி, கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. துப்பாக்கியும் குண்டும் சுமந்து இதில் ஏறிய சிப்பாய்களை நினைத்தால் எட்டு கிலோவைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. மேலே காற்று பிரமாதம். கீழே சந்தைக்குப் போகிற தக்காளி லாரிகள் எறும்பு மாதிரி தெரிந்தன.

தம்பி எங்களுக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தான். “அக்கா, ஹம்ப்டாவெல்லாம் எனக்கு ஒண்ணுமே இல்ல” என்றான். அங்கேதான் வாக்குவாதம் ஆரம்பித்தது.

அவனுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ராயக்கோட்டையை இருபது தரம் ஏறினாலும் உயரத்துக்கு உடம்பு பழகாது. மெல்லிய காற்றால் தலைவலி, வாந்தி என்று வருகிற உயர நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். வத்தல்மலை, ஏற்காடு, ஏலகிரி எல்லாம் அதற்குக் கீழே. நம்ம மலைகள் காலையும் மூச்சையும் பழக்கும், அவ்வளவுதான். மெல்லிய காற்றுக்கு உடம்பு பழக நாள் கொடுக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே போனால், இன்றைக்குப் படுக்கிற இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்கிற கணக்கு. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கும் இதில் சலுகை கிடையாது. வேகமாக நடக்கிற இளவட்டங்கள் ஒரே நாளில் அதிக உயரம் போய் மாட்டிக்கொள்வதும் உண்டு.

ஹம்ப்டா கணவாய் 4,270 மீட்டர் பக்கம். மணாலியோ 2,050. பெரும்பாலான குழுக்கள் நான்கைந்து நாளில் முடித்துவிடுகிற வழி. அதாவது கிளம்பிய மூன்றாம் நாளே கணவாயில் நிற்க வேண்டியிருக்கும். மணாலியில் முன்கூட்டியே இரண்டு நாள் தங்க நேரம் இருக்கிறவர்களுக்கு அது அருமையான பாதை. ஏழு நாள் லீவில் தர்மபுரியிலிருந்து போகிறவர்களுக்கு இல்லை.

மாமா விடவில்லை. “எவரெஸ்ட் அடிவாரத்துக்கு எழுபது வயசுக்காரங்ககூடப் போறாங்களே கண்ணு?” என்று கேட்டார். போகிறார்கள் மாமா, ஆனால் அவர்களிடம் நாள் இருக்கிறது என்றேன். நடை ஆரம்பிக்கிற நேபாள ஊரான லுக்லாவில் விமானத்தை விட்டு இறங்கினாலே 2,800 மீட்டருக்கு மேல். அங்கிருந்து 5,364 மீட்டருக்கு ஏறி இறங்கப் பன்னிரண்டு முதல் பதினான்கு நாள். வழியில் நாம்சே பஜாரில் ஒரு நாள், டிங்போச்சேயில் ஒரு நாள் சும்மா தங்கியே ஆக வேண்டும். அடிவார முகாமில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. லுக்லா விமானம் மேகம் மூடினால் கிளம்பாது, அதற்கு இரண்டு நாள் கையிருப்பு வேண்டும். மேலே போகப் போக வெந்நீருக்கும் போன் சார்ஜுக்கும்கூடத் தனிக் காசு. அவசரத்துக்கு ஹெலிகாப்டர் வந்தால் செலவைத் தாங்கும் காப்பீடு வேறு. மொத்தத்தில் மூன்று வார லீவும் பெரிய தொகையும் இருக்கிறவர்களின் பயணம் அது. மாமா ரிட்டையர் ஆனதும் போகட்டும், நானே பை கட்டிக் கொடுக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வத்தல்மலை. இந்த மலைக்கு அரசு பஸ் ஓட ஆரம்பித்தே சில வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் மலைச்சனங்கள் நடந்தோ வாடகை ஜீப்பிலோதான் இறங்கி வந்தார்கள். நாங்கள் காட்டுப் பாதையை விட்டுவிட்டுத் தார்ச்சாலையிலேயே நடந்தோம். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவது தப்பு. 2018-இல் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் கருகியதை மறந்துவிட்டு யாரும் குறுக்குவழி தேடக் கூடாது. காட்டுக்குள்தான் நடக்க வேண்டும் என்றால் 2024-இல் தமிழ்நாடு அரசு நாற்பது வழிகளைத் திறந்து வழிகாட்டியோடு கூட்டிப்போகும் திட்டம் கொண்டுவந்தது, அதில் முறையாகப் பதிவு செய்து போங்கள்.

கொண்டை ஊசி வளைவுகள் முடிகிற மாதிரியே தெரியவில்லை. ஒன்பது கிலோமீட்டர், என் கைபேசிக் கணக்கில் 500 மீட்டர் ஏற்றம். நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் இரண்டே முக்கால் மணிக்குள் ஏறியிருக்க வேண்டும். எனக்கும் மாமாவுக்கும் மூன்று மணி நாற்பது நிமிஷம் ஆனது. முந்தின நாள் ராயக்கோட்டை தொடையில் உட்கார்ந்திருந்தது. தம்பிக்கு இரண்டரை மணி நேரம்கூட ஆகவில்லை. யாரும் வெட்கப்படத் தேவையில்லை, ஆனால் விளம்பரத்தில் “ஆறு மணி நேர நடை” என்று போட்டிருந்தால் எனக்கு அது எட்டு மணி நேரம் என்று இப்போது தெரியும். மலையைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு எண் போதும். உங்கள் எண்ணை உங்கள் ஊர் மலையில் கண்டுபிடியுங்கள்.

மேலே போனதும் சாப்பாடு. இதைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு வீட்டில் முந்தின நாளே போனில் சொல்லி வைத்திருந்தோம். திண்ணையில் பாய் விரித்து, சுடச்சுட ராகிக் களி உருண்டை, நாட்டுக்கோழிக் குழம்பு, பக்கத்தில் சாமைச் சோறு, கொள்ளு ரசம். களியைக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்று கொண்டிருந்த தம்பியை அந்த அம்மா, “மென்னா தொண்டையில ஒட்டிக்கும் சாமி, வழுக்கி விடு” என்று திருத்தினார்கள். குழம்பில் அவர்கள் தோட்டத்து மிளகு. அந்தக் காரம் மூக்கில் ஏறி, வேர்வையோடு களைப்பும் இறங்கியது. மாமா மூன்று உருண்டை. சாப்பிட்டு முடித்ததும் அவர்களே காயவைத்து அரைத்த காப்பி. ஆளுக்கு நூற்று இருபது ரூபாய்தான் வாங்கினார்கள், கூடக் கொடுத்தபோது மறுத்துவிட்டார்கள். அதே மலையில் ஒரு மணி நேரம் கழித்து அந்த வேன்காரர்!

இறங்கும்போதுதான் வினை. பாதி வழி வரைகூடப் போகவில்லை, மாமாவுக்கு வலது முட்டி பிடித்துக்கொண்டது. திரும்ப மெதுவாக ஊருக்கே ஏறி வந்தோம். பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது எப்போது என்று எழுதிப் போட்ட பலகை எங்கேயும் இல்லை, கேட்ட நான்கு பேரும் நான்கு நேரம் சொன்னார்கள். அப்புறம் அந்தத் தொள்ளாயிரம்.

வேனில் கூடைகளுக்கு நடுவில் மாமாவே சொன்னார்: “வழியில முடியலன்னா வண்டி ஏறிக்கிற மாதிரி ஒரு இடம் பாரு கண்ணு.” அதுதான் எங்களுக்குத் தேவைப்பட்ட கேள்வி. நாங்கள் எவ்வளவு உயரம், எவ்வளவு அழகு என்றே பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் ஒருவருக்கு முடியாமல் போனால் எப்படி இறங்குவது என்று மூன்று பேரில் ஒருத்தரும் கேட்கவில்லை.

உத்தராகண்டில் இருக்கிற கேதார்கண்டா சிகரத்தை நான் ஆசையாக வைத்திருந்தேன். 3,810 மீட்டர், குளிர்காலத்தில் முழுக்கப் பனி, புதிதாகப் போகிறவர்களுக்கும் ஏற்றது என்று பெயர். ஆனால் பெங்களூரிலிருந்து டெல்லிக்கு ரயிலில் இரண்டு ராத்திரி, பிறகு டேராடூன், அங்கிருந்து நடை ஆரம்பிக்கிற சாங்கிரி கிராமத்துக்கு மலைப்பாதையில் ஒரு முழுப் பகல். நடக்க ஆரம்பிக்கும் முன்பே நான்கு நாள் போய்விடும், திரும்ப நான்கு நாள். விமானம் பிடித்தால் என் இருபத்தைந்தாயிரத்தில் பெரிய ஓட்டை. மலையில் முட்டி பிடித்தால் பனியில் நடந்துதான் இறங்க வேண்டும்.

சந்தக்ஃபூ எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடம், 3,636 மீட்டர். நேபாள எல்லையை ஒட்டியே நடக்கிற பாதை. மானேபஞ்சனில் ஆரம்பித்து தும்லிங், காலிபோக்ரி, சந்தக்ஃபூ என்று படுக்கிற இடங்கள் படிப்படியாக ஏறுகின்றன, 3,000 மீட்டருக்கு மேலே அந்த 500 மீட்டர் கணக்கு எங்கும் தாண்டவில்லை. வழியெல்லாம் தங்கும் வீடுகள் இருப்பதால் கூடாரம் சுமக்க வேண்டாம். பாதைக்கு இணையாக லேண்ட்ரோவரும் ஜீப்பும் உச்சி வரை ஓடுகின்றன, மாமாவுக்கு முட்டி பிடித்தால் அன்றைக்கே வண்டி ஏறலாம். வானம் தெளிந்தால் கஞ்சன்ஜங்காவும் எவரெஸ்ட்டும் ஒரே வரிசையில் தெரியும். பனியில் கால் வைக்கிற ஆசை எனக்கு இந்த முறை நிறைவேறாது, அது வருத்தம்தான். வண்டிச் சாலை கூடவே வருவதைத் தம்பி கேவலமாகப் பேசுகிறான். அவன் தனியாகப் பத்து நாள் லீவு எடுத்து ஹம்ப்டா போகட்டும், மணாலியில் இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

வெள்ளி ராத்திரி தர்மபுரியில் கிளம்பி, சென்னையிலிருந்து நியூ ஜல்பாய்குரிக்கு ரயில், திங்கள் மாலை மானேபஞ்சன். வியாழன் சந்தக்ஃபூ. சனி கீழே இறங்கினால் அடுத்த செவ்வாய் ராத்திரி வீடு. லீவு சரியாக ஏழு நாள். மழைக்காலத்தில் இந்தப் பாதை போகிற சிங்காலிலா தேசியப் பூங்கா மூடியிருக்கும், செப்டம்பர் நடுவில்தான் திறப்பார்கள். எங்களுக்கு நவம்பர்.

மாமா நாளைக்கு எலும்பு டாக்டரிடம் போகிறார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், அதனால் உயரத்துக்கான அசெட்டசோலமைடு மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். தானாக வாங்கிப் போடுகிற மருந்து இல்லை அது. தலைவலி வாந்தியோடு மேலே ஏறக் கூடாது, நடை தள்ளாடினாலோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ராத்திரியானாலும் கீழே இறக்கிவிட வேண்டும் என்று மூன்று பேருக்கும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன்.

ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. காலெண்டரில் செப்டம்பர் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாயிற்று, காலை எட்டு மணிக்கு அலாரம். லீவு லெட்டர் திங்கட்கிழமை கொடுக்கிறேன்.