பட்டணம் கோயிலுக்குப் போனோம்

புரட்டாசி சனிக்கிழமை. சென்னையில் பூக்கடைப் பக்கம் இருக்கும் சென்ன கேசவப் பெருமாளைச் சேவிக்க அம்மாவோடு கிளம்பினேன். மெட்ரோவில் இறங்கி வெளியே வந்ததும், எதிரே உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்களைப் பார்த்து அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பெருமாள் முதல்ல இங்கதானேப்பா இருந்தார்!"

உண்மைதான். புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, இன்று நீதிமன்ற வளாகம் இருக்கும் இடத்தில்தான் பழைய பட்டணம் கோயில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடந்த காலம் அது. கோட்டையைச் சுற்றி வெட்டவெளி வேண்டும் என்று 1757இல் ஆங்கிலேயர்கள் கோயிலை இடித்துவிட்டார்கள். ஊருக்கே பெரிய கோயில். அன்றைக்கு ஜனங்கள் எப்படித் தவித்திருப்பார்கள் என்று நினைத்தாலே மனசு கனக்கிறது.

ஆனால் அவர்கள் விட்டுவிடவில்லை. மாற்று இடம் கிடைத்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் 5,202 வராகன் (அந்தக் காலத்துப் பொற்காசு) கொடுத்தார், ஊராரும் கொடுத்தார்கள். 1760களில் பெருமாளுக்கும் சென்ன மல்லீஸ்வரருக்கும் பக்கத்துப் பக்கத்தில் கோயில்கள் எழும்பத் தொடங்கின. இருவரையும் ஒரே நடையில் தரிசிக்கிற பாக்கியம் அவர்கள் தந்ததுதான்.

பழைய இடத்தில் 1892 ஜூலை 12இல் நீதிமன்றம் திறந்தார்கள். அதன் உயரமான கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கு எரிந்தது. சின்ன வயதில் அந்த வெளிச்சம் சுற்றி வருவதை அம்மா பார்த்திருக்கிறார். பெருமாள் நின்ற இடத்திலிருந்து கப்பல்களுக்கு வழி காட்டியிருக்கிறது, எனக்கு அதில் ஒரு நிறைவு.

சரி, கோயிலுக்கு வருவோம். தெரு முழுக்கக் கடைகள், தள்ளுவண்டிகள். வாசல்படி ஏறினதும் துளசி வாசனை. சன்னதியில் ஸ்ரீதேவி, பூதேவியோடு பெருமாள். பட்டர் தீர்த்தம் கொடுத்துச் சடாரி வைத்தபோது, அந்த வெள்ளியின் குளிர்ச்சி உச்சந்தலையில் கொஞ்ச நேரம் தங்கியது. அப்புறம் மல்லீஸ்வரர், பிரமராம்பிகை. அங்கே அம்மா நெடுநேரம் கண் திறக்கவில்லை.

திருமலை பிரம்மோற்சவத்துக்கான திருக்குடைகள் வருஷாவருஷம் புறப்படுவதும் இந்தப் பெருமாள் கோயிலிலிருந்துதான். மாலையில் அவை யானைக்கவுனியைத் தாண்டும்போது எழும் 'கோவிந்தா' கோஷத்தை ஒருமுறையாவது நேரில் கேட்க வேண்டும்.

திரும்பும்போது அதே சிவப்புக் கோபுரங்கள். அம்மா முந்தானை முடிச்சிலிருந்து துளசியை எடுத்து, பாதியைக் கிள்ளி என் கையில் வைத்தார்.