சீர் நோட்டும் கனடா கஸ்டம்ஸும்

மன்னார்குடிக்கு அம்மா வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. நேற்று சாயங்காலம் பக்கத்துத் தெரு அத்தை ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்ணுக்குப் போன வாரம்தான் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் அமெரிக்காவில் மிச்சிகனில் வேலை பார்க்கிறார்கள், கனடா பிஆர் (நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை) வந்துவிட்டதாம், திரும்பிப் போன கையோடு வாடகை லாரியில் சாமான் ஏற்றி ரோடு வழியாகவே டொரண்டோவுக்குக் குடி போகப் போகிறார்கள். "நீயும் இப்படித்தானே போனே, இவளுக்குக் கொஞ்சம் சொல்லேன்" என்றார். காபி ஆறிப்போகிற வரை சொன்னேன். அப்படியும் மிச்சம் இருந்தது, அதனால் இங்கே.

நாங்கள் மிச்சிகனில் இருந்து கனடாவுக்குப் போனது 2019இல். நம்ம பக்கம் வீடு மாற்றுவது என்றால் ஒரு டாடா ஏஸைக் கூப்பிட்டு பீரோவையும் கட்டிலையும் ஏற்றினால் முடிந்தது, கும்பகோணத்தில் இருந்து அணைக்கரை வழியாகக் கொள்ளிடம் தாண்டிப் போனாலும் அந்த மூட்டையில் என்ன என்று ஒருத்தரும் கேட்கப்போவதில்லை. அதே நினைப்பில்தான் நானும் பெட்டி கட்ட ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் டேப் ஒட்டிய பிறகுதான் கணவர் சொன்னார், கனடா கஸ்டம்ஸில் காட்ட லிஸ்ட் வேண்டுமாம் என்று. எல்லாவற்றையும் பிரித்தோம்.

லிஸ்ட்தான் எல்லாம். கொண்டுபோகும் ஒவ்வொரு சாமானும், அதன் மதிப்பும், டிவி லேப்டாப் மாதிரி என்றால் கம்பெனி, மாடல், சீரியல் நம்பரும் எழுத வேண்டும். இரண்டு பிரதி. இப்போது லாரியில் வருவது ஒரு பட்டியல், பின்னால் வரப்போவது இன்னொரு பட்டியல். இந்த இரண்டாவதைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். முதல் தடவை உள்ளே போகும்போதே அதையும் காட்டிவிட வேண்டும். எங்கள் கிரைண்டரை மிச்சிகனில் தோழி வீட்டில் விட்டிருந்தோம், எழுத மறந்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து எடுத்து வரும்போது, நான் எட்டு வருஷம் மாவரைத்த பழைய கிரைண்டருக்கு 13 சதவீதம் வரி கட்டினேன். இன்னும் ஆறவில்லை.

பொதுவாக, போவதற்கு முன்பே நம் கைக்கு வந்து, நாம் புழங்கிய சாமானுக்குத்தான் வரி இல்லை. வரி இல்லாமல் கொண்டுபோனதை 12 மாதத்துக்குள் விற்றால் வரி கட்டச் சொல்வார்கள். ஆனால் இந்தப் பெண்ணுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கல்யாணம் ஆகி மூன்று மாதத்துக்குள் குடி போகிறவர்களுக்குக் கல்யாணப் பரிசு, மணப்பெண் சீர் எல்லாம் புழங்காமல் புதுசாக இருந்தாலும் பரவாயில்லை, கைக்கு வந்திருந்தால் போதும். கனடாக்காரன் சட்டத்தில் சீருக்கு இடம் வைத்திருக்கிறான்! அத்தைக்கு ஒரே சந்தோஷம். "அப்போ குத்துவிளக்கு?" தாராளமாக.

நகைக்கு மட்டும் இங்கேயே வேலை இருக்கிறது. தாலிக்கொடி, வளையல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, வாங்கிய கடையிலேயே எடையும் மதிப்பும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. அங்கே போய் இரண்டு இழைச் சங்கிலி என்றால் யாருக்குப் புரியும்.

கார் தனிக் கதை. அமெரிக்காவில் பதிவான காரை வெளியே எடுத்துப் போக, 72 மணி நேரத்துக்கு முன்பே டைட்டிலும் (கார் நம்முடையது என்கிற பத்திரம்) மற்ற காகிதங்களும் அமெரிக்க கஸ்டம்ஸுக்குப் போய்ச் சேர வேண்டும். எங்களுக்கு இது கிளம்புவதற்கு முந்தின ராத்திரி தெரிந்தது. வீட்டில் நடந்த சண்டையை எழுதவில்லை. காரை நண்பர் வீட்டு வாசலில் விட்டு, நல்லவேளை இரண்டாவது பட்டியலில் சேர்த்துவிட்டு, லாரியில் மட்டும் போனோம்.

மிச்சிகன் எல்லையில், போர்ட் ஹியூரனில் புளூ வாட்டர் பாலம் ஏறினால் அந்தப் பக்கம் கனடாவின் சார்னியா. கீழே செயின்ட் கிளேர் ஆறு, கரை முட்டத் தண்ணீர். கொள்ளிடத்தில் மணலையே பார்த்து வளர்ந்தவளுக்கு வயிறு கலங்கியது. முதலில் குடியேற்றக் கவுன்டர், அப்புறம் கஸ்டம்ஸ். அங்கே இருந்த அதிகாரி அம்மா எங்கள் ஆறு பக்க லிஸ்ட்டைப் புரட்டி, துப்பாக்கி உண்டா, மது உண்டா, செடி உண்டா என்று கேட்டார். கறிவேப்பிலைத் தொட்டியை வம்பு வேண்டாம் என்று தோழிக்கே கொடுத்திருந்தேன். லாரியைத் திறக்கச் சொல்லவே இல்லை. முத்திரை குத்திய ஒரு பிரதி கையில் வந்தது, அதைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் சாமானுக்கு அதுதான் ஆதாரம்.

எனக்கு லிஸ்ட் எழுத உதவியது அம்மாவின் சீர் நோட்டு. பித்தளைக் குடம் 1, பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்கு 2 என்று அத்தனையும் வரிசையாக இருந்தது, போட்டோ அனுப்பச் சொல்லி விலை மட்டும் போட்டேன். அத்தையிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறதாம்.

இன்று காலை போன் பண்ணினார். முறுக்கு அச்சை எழுதணுமா என்று கேட்டார். எழுதுங்க அத்தை என்றேன். "அச்சு ஆறு தினுசு இருக்கே?"

ஆறையும்தான்.