எரடோஸ்தனிசின் மூன்று தகடுகள்: அட்டையில் மூன்றாவது முயற்சி

ஒரு கனசதுரத்தின் பக்கம் 100 மி.மீ. அதைப்போல இரு மடங்கு கனஅளவுள்ள கனசதுரத்தின் பக்கம் எவ்வளவு? கியோஸ் தீவின் ஹிப்போகிரட்டீஸ் (மருத்துவர் அல்ல, அவர் கோஸ் தீவுக்காரர்) இந்தக் கேள்வியை வேறொன்றாக மாற்றிப்போட்டார்: 200க்கும் 100க்கும் நடுவே ஒரே விகிதத்தில் இறங்கும் இரண்டு நீளங்களைக் கண்டுபிடி, அவற்றில் சின்னதுதான் விடை. கவராயத்தாலும் வெறும் கோலாலும் இது முடியாது என்று 1837இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் வான்ட்செல் நிறுவினார். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிசோ தகடுகளை நகர்த்தியே விடையை எடுத்தார். அரசர் தாலமிக்கு அவர் எழுதிய கடிதம், 6ஆம் நூற்றாண்டில் கணித உரையாசிரியர் யூட்டோசியஸ் எழுதிய உரைக்குள் தப்பிப் பிழைத்திருக்கிறது. கவண் பொறிகளைப் பெரிதாக்கவும் இது உதவும் என்கிறது கடிதம்.

அந்தத் தகட்டுக் கருவியை அட்டையில் செய்து பார்க்கும் மூன்றாவது முயற்சி இது. இம்முறை அளவுகள்: 1 மி.மீ. பைண்டிங் அட்டையில் 120 × 210 மி.மீ. தகடுகள் மூன்று. 400 மி.மீ. நீளச் சட்டகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று காடிகள் (தகடு நகரும் பள்ளங்கள்). காடிகளைப் பிரிக்கும் உதடு 0.3 மி.மீ. தடிமன்தான், மேலும் கீழும் 5 மி.மீ. தகட்டை மறைக்கும். கண்ணுக்குத் தெரியும் உயரம் 200. நடுத் தகடு அசையாது. இடத் தகடு அதன் மேலேயும் வலத் தகடு அதன் கீழேயும் நகரும். இது எரடோஸ்தனிஸ் சொன்ன ஏற்பாடேதான்.

ஒவ்வொரு தகட்டிலும் இட மேல் மூலையிலிருந்து வலக் கீழ் மூலைக்கு ஒரு மூலைவிட்டம். முந்தைய முயற்சி கெட்டது இங்கேதான். அட்டையின் மூலைக்கு மூலை கோடு போடக் கூடாது. உதடு தொடங்கும் இடத்திலிருந்து, அதாவது 200 உயரத்துக்கே போட வேண்டும்.

இடத் தகட்டின் மேல் மூலை அ. அதன் வல விளிம்பில் நடுத் தகட்டின் மூலைவிட்டம் போய் மறையும் புள்ளி ஆ. நடுத் தகட்டின் வல விளிம்பில் வலத் தகட்டின் மூலைவிட்டம் மறையும் புள்ளி இ. வலத் தகட்டின் வல விளிம்பில் 100 உயரத்தில் குறித்த புள்ளி ஈ. நான்கும் ஒரே நேர்கோட்டில் விழுந்தால் வேலை முடிந்தது. அந்தக் கோட்டை நீட்டினால் அடிக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். மூலைவிட்டங்கள் இணையானவை என்பதால், முதல் தகட்டில் உயரம் குறைந்த அதே விகிதத்தில்தான் அடுத்தவற்றிலும் குறையும்.

கோட்டுக்கு 30 செ.மீ. ஸ்கேல் எட்டாது, முடிவு நிலையிலேயே அ–ஈ தூரம் 307.5 மி.மீ. தையல் நூலில் பிசிறு. 0.2 மி.மீ. தூண்டில் நரம்பு சரியாக இருந்தது. ஒற்றைக் கண்ணால் செங்குத்தாக மேலிருந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் அ மேல் தகட்டிலும் ஈ அடித் தகட்டிலும் இருக்கின்றன. சாய்ந்து பார்த்தால் நூல் இடம் மாறித் தெரியும். தகடு முடிந்தவரை மெல்லியதாக இருக்கட்டும் என்று கடிதம் சொல்வதன் நியாயம் 3 மி.மீ. அட்டையில் செய்த முதல் முயற்சியிலேயே புரிந்துவிட்டது.

இரட்டிப்புக் கணக்கைத் தொடங்கும் முன் விடை தெரிந்த கணக்கொன்றை ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஈ-யை 25 உயரத்தில் வைத்தால் ஆ 100, இ 50 வந்தே தீர வேண்டும் (200, 100, 50, 25). பழைய மூலைக்கு மூலைக் கோட்டில் 101.5, 51.5 என்று வரும். இரண்டும் ஒன்றுபோல் கூடுவதுதான் அந்தப் பிழையின் அடையாளம்.

இனி ஈ 100இல். தகடுகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி வைத்துத் தொடங்கலாம். ஆ நூலில் படும்வரை இடத் தகட்டைத் தள்ளினால் ஆ 164.6. பிறகு இ நூலில் படும்வரை வலத் தகட்டைத் தள்ளினால் இ 125.6. மறுபடி இடத் தகடு: 158.7. மறுபடி வலத் தகடு: 126.0. இவை கணக்குப்படி வரும் எண்கள். இரண்டே சுற்றில் அடங்கிவிடுவது ஆச்சரியம்தான். நடுத் தகடு அசையாததால் அதன் வல விளிம்பில் கிராஃப் தாள் கீற்று ஒட்டி இ-யை நேராகவே படிக்கலாம். கீற்றில் 126க்கும் 126.5க்கும் நடுவே நின்றது. 126இன் கனம் 20,00,376, வேண்டியது 20,00,000. ஆனால் 1 மி.மீ. கூடி 127 ஆனாலே கனஅளவு 2.4 சதவீதம் ஏறிவிடும்.

மிஞ்சிய பிழைக்குக் காரணம் காடியின் தொய்வு. தகடு அகலத்தைவிட உயரம் மிகுந்தது. மேலே கீழே மட்டும் பிடிமானம். காடியில் 1 மி.மீ. இடைவெளி இருந்தாலும் கோணிக்கொண்ட மேசை இழுப்பறை மாதிரி சாய்ந்துவிடும். விளிம்பின் தலை அடியைவிட 1.7 மி.மீ. வரை தள்ளிப்போகும். உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியை 0.2க்குக் கொண்டுவந்த பிறகே எண்கள் நிலைத்தன. அடுத்த சட்டகத்தில் தகட்டின் அகலம் 160; சட்டகம் 500 மி.மீ.க்கு மேல் நீளும், பரவாயில்லை.