பிரேக் இன்ஸ்பெக்டர் ஆன கதை

எங்கள் ஊரில் மோட்டார் வாகன ஆய்வாளர் என்றால் யாருக்கும் தெரியாது. பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் புரியும். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்ததிலிருந்து எனக்கு அந்த வேலை மேல்தான் கண். தேர்வுதான் பெரிய மலை என்று நினைத்திருந்தேன். ஆனால் என்னைத் திண்டாட வைத்தது விண்ணப்பிக்கும் தகுதி.

நான் விண்ணப்பித்த காலத்தில் பைக், கனரக சரக்கு வாகனம், கனரக பயணிகள் வாகனம் மூன்றுக்கும் லைசென்ஸ் வேண்டியிருந்தது. அதோடு ஒர்க்‌ஷாப்பில் ஒரு வருட அனுபவம். அங்கே கார், லாரி, பஸ் எல்லாமே பழுது பார்த்திருக்க வேண்டும். நான் முதலில் சேர்ந்த இடத்தில் கார் மட்டும்தான். ஏழு மாதம் கழித்துத்தான் அது கணக்கில் வராது என்று தெரிந்தது. சேரும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் நாமக்கல்லில் ஒரு பெரிய பட்டறை. மேஸ்திரி முதல் மாதம் ஸ்பானரையே தரவில்லை. லாரியின் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்வார். "ஆட்டம் தெரியுதா தம்பி?" ஒன்றும் தெரியாது. என் கைமேல் தன் கையை வைத்து மறுபடி ஆட்டுவார். முன் சக்கரம் திரும்ப அச்சாக இருக்கும் கிங்பின் என்ற ஆணியின் தேய்மானம் மூன்றாவது வாரம்தான் உள்ளங்கைக்குப் பிடிபட்டது. இந்த ஒரு வருட விதியைப் பலர் குறை சொன்னார்கள். எனக்கு அது சரியான விதி.

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு இரவில் படித்துத் தேறினேன். சான்றிதழ் சரிபார்ப்பில் அனுபவச் சான்றிதழைத்தான் துருவித் துருவிப் பார்த்தார்கள். வருகைப் பதிவேட்டின் நகலையும் கையோடு கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று.

வேலையில் சேர்ந்த முதல் மே மாதமே பள்ளிப் பேருந்து ஆய்வு. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புக் குழந்தை இறந்தது. பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் அதன் பிறகுதான் வந்தன. அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி எல்லாம் நின்ற இடத்திலிருந்தே கண்ணில் படும். தரை அப்படி இல்லை. விரிப்பைச் சுருட்டி, முட்டி போட்டுத் தட்டிக்கொண்டே போனேன். நான்காவது பஸ்ஸில், பின் சக்கரத்துக்கு மேலே, சத்தம் பொத்தென்று கேட்டது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், இறங்கிவிட்டது. ஓட்டை வழியே கீழே டயர் தெரிந்தது.

டிரைவர் அண்ணனையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார். "என் பேத்தியும் இந்த வண்டியிலதான் சார் வருது" என்றார்.

பத்து நாள் கழித்துப் புதுத் தகடு போட்டு வந்தது வண்டி. நான் கேட்கும் முன்பே அவர் விரிப்பைச் சுருட்டி வைத்திருந்தார்.